வேலியோரம் நடந்த கடைசி ட்ரையோசாரஸ்

வீடியோ விளையாட்டு ஒன்றில் நான் நடத்திய டைனோசர் பூங்காவுக்கு ஐந்தாவது நட்சத்திரம் என்றைக்குக் கிடைத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மூலையில் இருந்த சின்ன அடைப்பில் ட்ரையோசாரஸ் என்ற சின்னத் தாவர உண்ணி டைனோசர் ஒரேயொன்று வேலியை ஒட்டியே நடந்து, முனை வந்ததும் திரும்பி, வந்த வழியே மறுபடி நடந்த அந்த அரை மணி நேரம் அப்படியே நினைவில் இருக்கிறது. தொட்டி நிறையத் தீனி இருந்தது. குளத்தில் தண்ணீர் இருந்தது. நோய் நொடி எதுவும் இல்லை. கூட இருந்தவை மட்டும் இல்லை. எல்லாமே அடுத்தடுத்துச் செத்துப்போயிருந்தன, இது மட்டும் மிஞ்சியிருந்தது.

விளையாட்டின் பெயர் ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன். ஃப்ரன்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. ட்ரையோசாரஸ் அதில் முதலிலேயே வந்துவிடவில்லை. 2019இல் தாவர உண்ணிகளுக்கென்று தனியாக ஒரு தொகுப்பு விட்டார்கள். ஹோமலோசெபாலே, நைஜர்சாரஸ் ஆகியவற்றோடு இதுவும் வந்தது. அந்தத் தொகுப்பை நான் வாங்கியதே இந்த ஒன்றுக்காகத்தான்.

காரணம் பழையது. 2003இல் வந்த ஆபரேஷன் ஜெனிசிஸ் என்ற விளையாட்டில் மொத்தம் 25 டைனோசர்கள். அதில் சின்னத் தாவர உண்ணி என்று மூன்றே மூன்று: காலிமிமஸ், ஹோமலோசெபாலே, ட்ரையோசாரஸ். அந்த நாளில் நானும் எல்லாரையும் போலத்தான் விளையாடினேன். ஆரம்பத்தில் கையில் காசு இல்லாதபோது சின்னதாக நான்கைந்து பொரிப்பது, கொஞ்சம் கூட்டம் சேர்ந்ததும் பெரியவற்றின் பக்கம் போய்விடுவது, அப்புறம் டி. ரெக்ஸ் வந்த பிறகு அந்தச் சின்ன அடைப்பைத் திரும்பியே பார்ப்பதில்லை. எப்போதாவது தீனி தீர்ந்துவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வரும்போதுதான் அங்கே அப்படி ஒரு கூட்டம் இருப்பதே ஞாபகம் வரும். பல வருடம் கழித்து அதே பெயரைப் பட்டியலில் பார்த்தபோது, இந்த முறை இதை ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்று தோன்றியது.

பூங்கா நடத்தும் விளையாட்டுகளின் கணக்கே சின்ன விலங்குக்கு எதிரானது. பூங்காவின் மதிப்பு ஏற வேண்டுமானால் மதிப்புப் புள்ளி அதிகமுள்ள விலங்கு வேண்டும். பெரிய ஊனுண்ணி ஒன்று வந்தால் பார்வையாளர் எண்ணிக்கை சட்டென்று ஏறும். ட்ரையோசாரஸ் ஆறு சேர்ந்தாலும் அந்த ஏற்றம் வராது. ஜீப்பை நாமே ஓட்டிப் போய்ப் புகைப்படம் எடுத்தால் அதற்கும் பணம் உண்டு. இதை எடுத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். அறிவியல், பொழுதுபோக்கு, பாதுகாப்பு என்று மூன்று பிரிவுக்காரர்கள் மாற்றி மாற்றி ஒப்பந்தம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சின்ன விலங்குகளை நன்றாகப் பார்த்துக்கொள் என்று அவர்களில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

யாரும் கேட்காததால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். பெரிய ஊனுண்ணியின் அடைப்பைப் பார்க்கும்போது மனசு கணக்கில்தான் இருக்கும். வேலி தாங்குமா, மின்சாரம் போதுமா, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று. ட்ரையோசாரஸின் அடைப்பில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. அங்கே போனால் விலங்கைத்தான் பார்க்க முடியும்.

அப்படிப் பார்த்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலை வெளிச்சம் வரும் நேரம். கேமராவைத் தரையோடு தரையாக இறக்கிக் குளத்தோரம் வைத்திருந்தேன். ஒன்று தண்ணீருக்கு வந்தது. பின்னங்கால் இரண்டும் ஒல்லியாக, நீளமாக இருக்கும், முன்கைகள் சின்னவை. வால் தரையில் இழுபடாமல் உடம்புக்குச் சமமாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தலையைத் தாழ்த்த உடம்பு முன்னால் சாய்ந்தது. அதற்கு ஈடாக வால் மேலே எழும்பியது. தராசு மாதிரி. குடித்துவிட்டு நிமிர்ந்தபோது வால் மறுபடி இறங்கியது. இதை வரைந்து அசைத்தவர் நிஜ எலும்புக்கூட்டைப் பார்த்து யோசித்திருக்கிறார் என்பது எனக்கு அந்தக் கணத்தில் உறுதியானது. இந்த வகை விலங்குகளுக்கு முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைநாண்கள் எலும்பாகவே இறுகி வாலை விறைப்பாக வைத்திருக்கும். ஓடும்போது உடம்பைச் சமன் செய்வது அந்த வால்தான்.

அந்த நாளிலிருந்து நிஜ விலங்கைப் பற்றியும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மோரிசன் படிவம் என்று ஒரு பாறை அடுக்கு இருக்கிறது. வயோமிங், யூட்டா, கொலராடோ என்று பரந்து கிடப்பது. அலோசாரஸ், ஸ்டெகோசாரஸ் எல்லாம் வந்த அதே அடுக்கிலிருந்துதான் இதுவும் வந்தது. வயது சுமார் 15 கோடி ஆண்டு. புதைபடிவ ஆய்வாளர் ஓத்னியல் சார்ல்ஸ் மார்ஷ் 1878இல் இதை வேறொரு பேரினத்தில் சேர்த்து லாவோசாரஸ் ஆல்டஸ் என்று பெயர் வைத்தார். 1894இல் அவரே அதைத் தனியாகப் பிரித்து ட்ரையோசாரஸ் என்றார். கிரேக்கத்தில் மரத்தை, குறிப்பாக ஓக் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். வாயின் முன்பக்கம் பல் கிடையாது, கொம்புப் பொருளால் ஆன அலகு. அதனால் தழையைக் கொய்து, உள்ளே கன்னப் பக்கத்துப் பற்களால் அரைக்கும்.

இன்னொன்றும் படித்தேன். இந்த விலங்கு வாழ்ந்த காலத்தில் புல் என்பதே உலகத்தில் இல்லை. பெரணி, சைக்கஸ் வகைகள், ஊசியிலை மரங்கள், குதிரைவால் செடிகள்தான். விளையாட்டிலோ புல்வெளி வேண்டும் என்று ஒரு தேவையே இருக்கிறது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. திறந்த இடம் வேண்டும் என்று கேட்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் சௌகரியம் என்று ஒரு அளவு உண்டு. புல்வெளி எவ்வளவு, காடு எவ்வளவு, தன் இனத்தில் எத்தனை பேர், அடைப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று அதற்குள்ளே தனித்தனிக் கோடுகள். எல்லாம் அதனதன் எல்லைக்குள் இருந்தால் விலங்கு அமைதியாக இருக்கும். குறைந்துகொண்டே போய் ஒரு புள்ளியைத் தாண்டினால் வேலியை முட்ட ஆரம்பிக்கும். தீனித் தொட்டியிலும் கவனம் வேண்டும். உயரத்தில் மேயும் விலங்குக்கு ஒன்று, தரையில் மேய்வதற்கு ஒன்று என்று இரண்டு வகை. இதற்கு வேண்டியது தரைத் தொட்டி. அதைப் பார்வை மாடத்துக்கு எதிரே வைத்தால் விலங்குகள் அங்கேயே நிற்கும், வருபவர்கள் பார்ப்பார்கள்.

அங்கேதான் முதல் தப்பு செய்தேன். மாடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மரங்கள் மறைக்கின்றன என்று, மாடத்துக்கு முன்னால் இருந்த மரங்களையெல்லாம் அழித்துவிட்டேன். பார்வைக்கு நன்றாக இருந்தது. பச்சைத் தரை, நடுவே ஆறு ட்ரையோசாரஸ், பின்னால் குளம். காட்டுக்கான கோடு இறங்கியதை நான் பார்க்கவே இல்லை. பூங்காவின் அடுத்த கோடியில் ஏதோ ஒப்பந்த வேலையில் மூழ்கியிருந்தேன். அதே நேரம் புயலும் வந்தது. புயலில் வேலி ஒரு இடத்தில் விழுந்து, ஆறில் நான்கு வெளியே போய்விட்டன.

ஹெலிகாப்டரில் ஏறி மயக்க ஊசியை நானே சுட்டேன். மூன்றைப் பிடிப்பதற்குள்ளேயே கை வியர்த்துவிட்டது. நேராக ஓடுகிற மாதிரி ஓடி, நான் குறி வைக்கும் நேரத்தில் சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பும். நான்காவதைத் துரத்தியபோதுதான் ஒன்று கவனித்தேன். அது வெளிவாசல் பக்கமோ, கூட்டத்தின் பக்கமோ போகவில்லை. சாலையைத் தாண்டி, நான் கைவைக்காமல் விட்டிருந்த மரக்கூட்டத்துக்குள் போய் நின்றது. நிரலில் அப்படி எழுதியிருந்தார்களா, தற்செயலா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதற்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே மாடத்தின் முன்னால் மரங்களைத் திரும்ப நட்டேன். பார்வையாளர்களுக்கு விலங்கு கொஞ்சம் மறைந்துதான் தெரியும். தெரியட்டும். மரங்களுக்கு நடுவே ஒரு தலை எட்டிப் பார்ப்பது திறந்த தரையில் ஆறு நிற்பதைவிட அழகு என்பது என் அபிப்பிராயம்.

பிடிப்பதற்குக் கஷ்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் டெண்டகுரு என்ற இடத்தில் ஜெர்மானியக் குழு ஒன்று 1909 முதல் 1913 வரை தோண்டியது. ட்ரையோசாரஸின் நெருங்கிய உறவு ஒன்றின் எலும்புகள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. 1919இல் அதற்கு வைத்த பெயர் டைசலோட்டோசாரஸ். பிடிப்பதற்கு அரிதான பல்லி என்று பொருள். நெடுங்காலம் அதையும் ட்ரையோசாரஸ் என்றே சொல்லிவந்தார்கள். இப்போது மறுபடி தனிப் பேரினமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் படித்தபோது மரக்கூட்டத்துக்குள் நின்ற நான்காவதுதான் கண்முன் வந்தது.

அதன் பிறகு ரொம்ப நாள் எந்தக் குழப்பமும் இல்லை. ஆறுக்கும் ஒரு நோட்டில் பெயர் எழுதி வைத்திருந்தேன். விளையாட்டுக்குள் அவை எண்ணால்தான் இருக்கும். எண்ணுக்கு எதிரே என் பெயர். இரண்டாவதன் பெயர் சுருதி. ஒரே உருவத்தை ஆறு தடவை அச்செடுத்ததுதானே என்று யாராவது கேட்கலாம். மரபணுவில் நிறத்தைக் கொஞ்சம் மாற்றி இரண்டைப் பொரித்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தினமும் பார்த்தால் எது எங்கே நிற்கிறது, எது கடைசியாகத் தொட்டிக்கு வருகிறது என்பதெல்லாம் பழகிவிடும்.

அப்புறம் ஒருநாள் ஒன்று முதுமையால் செத்தது. உடலைத் தூக்கிப் போக ஹெலிகாப்டரை அனுப்பினேன். வருத்தமாக இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததுதான். அன்றைக்கே இன்னொன்று. அடுத்த முறை உட்கார்ந்தபோது மேலும் இரண்டு. அப்போதுதான் உறைத்தது. ஆறையும் நான் ஒரே மூச்சில், ஒன்றன்பின் ஒன்றாகப் பொரித்து வெளியே விட்டிருந்தேன். எல்லாம் ஒரே வயது. அதனால் எல்லாம் ஒரே நேரத்தில்தான் முதுமையடையும். ஒரே வயதுக்காரர்களை மட்டும் வைத்து ஒரு மந்தையை ஆரம்பித்தால், ஆரம்பித்த அன்றைக்கே அதன் முடிவு நாளையும் குறித்துவிடுகிறோம். விலங்கு வளர்க்கிற எவருக்கும் தெரிந்த பாடம் இது. எனக்கு அங்கே, அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாவதும் போன பிறகு மிஞ்சியது சுருதி.

தன் இனத்தில் இத்தனை பேர் வேண்டும் என்று சொல்லும் கோடு கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. சௌகரியம் இறங்கியது. அது வேலியோரம் நடக்க ஆரம்பித்தது. முனைக்குப் போய்த் திரும்பும், மறுபடி நடக்கும். ஒருமுறை வேலியை முட்டியது. பராமரிப்பு ஜீப்பை அனுப்பி வேலியைச் சரி செய்தேன். மறுபடி முட்டியது. மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். படுத்திருக்கும்வரை பிரச்சினை இல்லை, எழுந்தால் அதே நடை.

விற்றுவிடலாம். விளையாட்டில் அதற்கு ஒரு வசதி உண்டு. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போய்விடும், கொஞ்சம் பணமும் வரும், இடமும் மிச்சமாகும். அந்த இடத்தில் வேறு ஏதாவது கட்டினால் பூங்காவின் மதிப்பும் ஏறும். கணக்கு அப்படித்தான் சொன்னது. அந்தக் கட்டளை மேல் கை போகவே இல்லை. நான் பொரித்து வெளியே விட்டது அது. தனியாக நிற்பதும் என் கவனக்குறைவால்தான்.

புதிதாகப் பொரிக்க ஆய்வகத்துக்குப் போனேன். பணம் இறுக்கமாக இருந்த நேரம். பொரிப்பு வெற்றியடைய இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று முன்கூட்டியே காட்டுவார்கள்; மரபணுவில் மாற்றம் செய்யச் செய்ய அது இறங்கும். முதல் இரண்டும் தோற்றன. போட்ட பணம் போனது போனதுதான். மூன்றாவதற்கு நிறம், ஆயுள் என்று சேர்த்திருந்த மாற்றங்களையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் ட்ரையோசாரஸாகவே பொரிக்க விட்டேன். இந்த விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்ட முடியாது. ஆகவே உட்கார்ந்து சுருதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சொன்ன அந்த அரை மணி நேரம் இதுதான்.

அந்த நேரத்தில் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன், இன்னமும் அது மனசை விட்டுப் போகவில்லை. டைனோசரின் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, விலங்கு எந்த வயதில் செத்தது என்று கணிக்க முடியும். மரத்தின் வளையம் மாதிரி எலும்பிலும் வளர்ச்சியின் தடம் இருக்கும். 2009இல் வெளியான ஒரு ஆய்வில் இப்படிப் பார்த்த ட்ரையோசாரஸ் எலும்புகள் எல்லாமே இன்னும் வளர்ந்துகொண்டிருந்த விலங்குகளுடையவை. முழுதாக வளர்ந்து முடித்தது ஒன்றுகூட அவற்றில் இல்லை. டெண்டகுருவில் கிடைத்த உறவுக்காரர்களிலும் குட்டிகளும் இளசுகளும் ஏராளம். அமெரிக்காவின் டைனோசர் தேசிய நினைவிடத்தில் ஒரு குஞ்சின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. மண்டை ஓடு சின்னது, முகம் குட்டை, கண் குழி மட்டும் பெரியது.

விளையாட்டிலோ எல்லாம் தலைகீழ். ஆய்வகத்தின் கதவு திறந்தால் முழு வளர்ச்சியடைந்த விலங்குதான் வெளியே வரும். குஞ்சு கிடையாது, வளர்வது கிடையாது. 2021இல் வந்த இரண்டாவது விளையாட்டிலும் இப்படித்தான். நிலம் நமக்கு இளசுகளை மட்டும் கொடுத்திருக்கிறது. திரை நமக்குப் பெரியவர்களை மட்டும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு ட்ரையோசாரஸின் வாழ்க்கை முழுதாகும் என்று எனக்குத் தோன்றியது. 2025 அக்டோபரில் வந்த மூன்றாவது விளையாட்டில் ஆண், பெண், குட்டிகள், இனப்பெருக்கம் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த வரிசையிலேயே நான் அதிகம் எதிர்பார்த்த மாற்றம் அதுதான். புது ஊனுண்ணி எத்தனை சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. தாயும் குட்டியும் இருந்தால் வயது கலந்த மந்தை தானாகவே வரும். முதல் விளையாட்டில் அதை நாம்தான் கையால் செய்ய வேண்டியிருந்தது.

மூன்றாவது பொரிப்பு பலித்தது. ஆய்வகத்தின் கதவு திறந்து புதியது வெளியே வந்து நின்றது. இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தது. சுருதி அடைப்பின் எதிர்க் கோடியில் இருந்தது. உடனே ஓடி வந்துவிடவில்லை. நடை நின்றது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேலியிலிருந்து விலகித் தொட்டிக்குப் போய்த் தின்றது. எத்தனை நேரத்துக்குப் பிறகு தின்றது என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சௌகரியக் கோடு ஒரு சின்ன அளவு ஏறியது. ஒன்று வந்தது மட்டும் போதாது, இன்னும் வேண்டும். ஆனால் இந்த முறை அவசரப்படவில்லை. ஒன்றைப் பொரித்து, நன்றாக இடைவெளி விட்டு அடுத்தது, மறுபடி இடைவெளி விட்டு அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் வெளியே வந்த நாளை நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். இடையில் வேலியை இரண்டு முறை பழுது பார்க்க வேண்டியிருந்தது. நான்காவது வந்த பிறகு முட்டுவது நின்றது.

சுருதி அதற்கப்புறமும் சில நாள் இருந்தது. செத்தபோது மரங்களுக்கு உள்ளே இருந்ததால் முதலில் எனக்குத் தெரியவில்லை, அறிவிப்பு வந்துதான் பார்த்தேன். ஹெலிகாப்டர் வந்து தூக்கியபோது மற்ற நான்கும் குளத்துக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்தன. ஒன்று குனிந்து குடித்துக்கொண்டிருந்தது, வால் மேலே எழும்பியிருந்தது. எண்ணிக்கைக் கோடு கொஞ்சம் இறங்கியது, ஆனால் எல்லைக்கு மேலேயே நின்றது. ஆய்வகத்தில் அடுத்ததற்கான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் புதுப் பெயர் ஒன்று எழுதி, தேதிக்கு இடம் விட்டு வைத்தேன்.